பூங்கா நோட்டும் தோட்ட வாரியமும்

போன ஞாயித்துக்கிழமை எங்க லேஅவுட் பூங்காவுல கூட்டம். பூங்கான்னதும் சேலத்து மக்கள் அண்ணா பூங்காவை நினைச்சுடாதீங்க. நாலு வேப்பமரம், ரெண்டு புங்கமரம், சறுக்குப் பலகை பேந்துபோன சறுக்குமரம் ஒண்ணு, சிமெண்ட் பெஞ்சு நாலு. அவ்ளோதான். போர் மோட்டார்ல காயில் எரிஞ்சுபோச்சு, யாரு காசு போடறதுன்னு பேச்சு ஆரம்பிச்சுது. அது அப்படியே "போன தடவை வசூல் பண்ணது என்னாச்சுங்க?"ன்னு திரும்புச்சு. எல்லாரும் என்னையே பாத்தாங்க.

காரணம், கணக்கு நோட்டு என்கிட்டதான் இருக்கு. ஒண்ணரை வருசமா அதுல ஒரு வரி எழுதல. காசு எங்கயும் போகல, செலவெல்லாம் உண்மையான செலவுதான். ஆனா எழுதலைன்னா எழுதலதானே?

"அடுத்த வாரம் குடுத்துடறேங்க"ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து, நோட்டை எடுக்கறதுக்குப் பதிலா கல்வெட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நம்ம புத்தி அப்படி :-) ஆனா தேடினது வீண்போகல. தெருத் தோட்டத்தை யாரு பாத்துக்கறது, அவங்களை யாரு கேள்வி கேக்கறதுங்கற பஞ்சாயத்து 1100 வருசப் பழசு.

உத்திரமேரூர் குடவோலை எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணோம். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919லயும் 921லயும் வெட்டினது. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, பேரை ஓலைல எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. இதுவரைக்கும் சரி. எடுத்த அந்த 30 பேரை என்ன பண்ணாங்கன்னு நான் அன்னிக்குக் கவனிக்கல. 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். அடேங்கப்பா, ஏரிக்கு ஆறு பேர், தோட்டத்துக்குப் பன்னெண்டு பேர்! பதவிக்காலம் 360 நாள். ஆண்டு வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது, முன்னாடி தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பாத்தவங்களுக்குத்தான் முதல் இடம். தோட்டத்தைப் பாத்துக்கத் தெரிஞ்சவன்தான் ஊரைப் பாத்துக்கலாம்னு கணக்கு போட்டிருக்காங்க போல.

அடுத்துதான் நமக்கு ஆப்பு. வயசு 35லேருந்து 70க்குள்ள இருக்கணும். கடந்த மூணு வருசத்துல எந்த வாரியத்துலயும் இருந்திருக்கக் கூடாது. எந்த வாரியத்துலயாச்சும் இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேரை ஓலைலயே எழுதக் கூடாது. அவன் மட்டுமில்லீங்க. அப்பன், மகன், கூடப் பொறந்தவன், மாமனார், மாப்பிள்ளை, பொண்டாட்டியோட தம்பி, அக்கா தங்கச்சி புருசன், சித்தி பெரியம்மா பசங்க, அத்தை மாமன் பசங்கன்னு ஒரு பெரிய பட்டியலே போட்டு அத்தனை பேரையும் ஒதுக்கறாங்க. நான் நோட்டு எழுதாததுக்கு என் மச்சினன் நிக்க முடியாது. எழுதி முடிக்கற வரைக்கும் வீட்டுல சோறு கிடைக்குமா, சொல்லுங்க?

இதைப் படிச்சுட்டு "ஆகா பொற்காலம்"னு புல்லரிச்சா அதுவும் தப்பு. அது சதுர்வேதிமங்கலம், பிராமணர் ஊர். சொந்த நிலம், சொந்த மனையில வீடு, வேதப்படிப்பு எல்லாம் இருக்கறவங்க பேருதான் குடத்துக்குள்ள போச்சு. தோட்டத்துல மண்வெட்டி பிடிச்சவங்க பேரு போகல, பொம்பளைங்க பேரும் போகல.

குடிமராமத்துலயும் இதே சிக்கல்தான். ஊர் ஏரியை ஊர்க்காரங்களே தூர்வாரி, கரை கட்டிக்கற பழக்கம். கம்பெனி ஆட்சி 1858ல இதைச் சட்டமாவே ஆக்குச்சு, மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம்னு. வழக்கமான வேலைக்கு வராதவன், அந்த வேலையோட மதிப்பு போல ரெண்டு மடங்கு கட்டணும். நாமளா சேந்து செய்யறது கட்டாயம்னு ஆயிடுச்சுன்னா, யாரு தோள் மேல ஏறும்னு சொல்லத் தேவையில்லை.

அப்புறம் நம்ம காலத்துச் சட்டங்க. 1959ல தமிழ்நாட்டுல பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. உள்ளாட்சி பட்டியல் எடுத்து வச்சுக்கணும், பூங்கா இடத்தை வேற காரியத்துக்கு மாத்தணும்னா அரசாங்கம் சம்மதிக்கணும். இன்னிக்கு இருக்கற விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சா, ரோடு போக மீதியில 10 சதவீதத்தைத் திறந்தவெளியா விட்டு, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் குடுத்தே ஆகணும். இடம் கிடைக்கறதுக்குச் சட்டம் இருக்கு. பாத்துக்கறதுக்கு? 2021 டிசம்பர்ல 'நமக்கு நாமே' திட்டத்தை முதல்வர் நம்ம சேலத்துலதான் தொடங்கி வச்சாரு. பூங்கா மாதிரி வேலைன்னா மூணுல ஒரு பங்காவது மக்கள் போடணும், மீதி அரசு. அதுவும் ஒரு வேலை முடிக்கத்தான். தினம் காலைல தண்ணி ஊத்தறது யாரு?

அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பதில் இருக்கு. கன்னங்குறிச்சி மூக்கனேரி. சேர்வராயன் மலை அடிவாரத்துல 58 ஏக்கர். சீந்துவாரில்லாமக் கிடந்த ஏரியை 2010ல பியூஷ் மானுஷும் 'சேலம் மக்கள் குழு'வும் கையில எடுத்தாங்க. தூர்வாரினா மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டறது? லாரி வாடகையே ஆளை முழுங்கிடும். அவங்க அந்த மண்ணை ஏரிக்குள்ளயே திட்டுத் திட்டாக் குவிச்சாங்க. திட்டு மேல மரம் நட்டாங்க. மழை வந்து ஏரி ரொம்பினதும் அதெல்லாம் தீவாயிடுச்சு, பறவை வந்து உக்காந்துச்சு. அள்ளற இடத்துலயே மண்ணுக்கும் ஒரு வேலை குடுத்துட்டாங்க பாருங்க, அங்கதான் செலவு குறைஞ்சுது.

மூக்கனேரியைப் பாத்துட்டு எங்க லேஅவுட்டுல ஒரு ஆவேசம் வந்ததுலதான் எங்க வேப்பமரமெல்லாம் நட்டது. ஆவேசம் ஆறு மாசம். அப்புறம் தண்ணி ஊத்துனது பக்கத்துத் தெருவுலேருந்து பெருக்க வர்ற அக்கா மட்டும்தான். மாசம் இவ்வளவுன்னு பேசியிருந்தோம். கடைசியா எந்த மாசம் குடுத்தோம்னு பாக்க நோட்டைத் திறந்தாத்தான் தெரியும். நோட்டுதான் காலியா இருக்கே.

நேத்து ராத்திரி உக்காந்து ரசீதையெல்லாம் தேடி எடுத்து ஒண்ணரை வருசத்தையும் எழுதிட்டேன். அக்காவுக்கு மூணு மாசம் பாக்கி. மோட்டாருக்கு முன்னாடி அதைத்தான் குடுக்கணும்னு வர்ற ஞாயித்துக்கிழமை சொல்லப்போறேன். கூடவே, அடுத்த வருசம் நோட்டு வேற ஆள்கிட்ட போகணும், கூட்டத்துல அந்த அக்காவும் உக்காரணும்னும் சொல்லணும். ஒத்துக்குவாங்களான்னு தெரியல.

உங்க தெருப் பூங்காவுக்கு நோட்டு யாருகிட்ட இருக்கு? விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க.

டிஸ்கி: மச்சினனுக்கு இந்தப் பதிவு தெரிய வேண்டாம்.