நாலும் நம்ம கையில இருந்தாதான் வத்தல்

சித்திரை பிறந்தா எங்க ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஊர்களில் வாசல்ல, திண்ணையில, களத்துமேட்டுல பாய் விரிச்சு வத்தலும் வடகமும் காயும். இப்போ தெருவுக்கு ஒண்ணு ரெண்டு வீட்டுலதான் காயுது. "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் சோம்பல்" என்று டீக்கடையில சுலபமா சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்கு அது சரியாப் படல. கொல்லையில காய் போடறதும், மிஞ்சினதைக் காயவெச்சு எடுத்து வைக்கிறதும் எப்போ நல்லா நடந்தது, எப்போ படுத்துக்கிச்சு என்று திரும்பிப் பார்த்தா காரணம் வேற மாதிரி இருக்கு.

ஒரு பானை வத்தலுக்கு நாலு வேணும்: விதை, உப்பு, தண்ணி, வெயில். இந்த நாலும் வீட்டுக்காரங்க கையில இருந்த காலத்துல கொல்லை ஜெயிச்சுது. ஒண்ணு கை மாறினாலும் தோத்துது. நான் பார்த்த வரைக்கும், படிச்ச வரைக்கும் கதை இவ்வளவுதான். விவரமாச் சொல்றேன்.

பழைய கொல்லையில என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கப் புத்தகம் வேண்டாம், திவசச் சமையலைப் பார்த்தாப் போதும். வாழைக்காய், அவரை, கொத்தவரை, புடலை, பாகல், சேனை, சேப்பங்கிழங்கு, பூசணி எல்லாம் வரும். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், தக்காளி சேர்க்காத வீடு இன்னிக்கும் உண்டு. எது நெடுங்காலமா நம்மகிட்ட இருக்கு, எது பிறகு வந்துச்சு என்கிற கணக்கு அந்த வாழை இலையிலேயே இருக்கு.

மிளகாயும் வந்த காய்தான். 1498-ல போர்த்துகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தாங்க. அமெரிக்கக் கண்டத்து மிளகாய் அவங்க கப்பல் வழியாத்தான் நம்ம பக்கம் பரவுச்சு. அதுவரைக்கும் காரத்துக்கு மிளகுதான். மிளகு மாதிரி காரம் உள்ள காய்ங்கிறதாலதான் மிளகாய்னு பேரே வந்துச்சு. அப்போ நம்ம பாட்டன் காலத்துச் சொத்துன்னு நினைக்கிற மோர் மிளகாய்க்கு ஐந்நூறு வயசு கூட ஆகல. தக்காளியும் அப்படித்தான். அதைச் சீமைத் தக்காளின்னு சொன்னாங்க. வத்தக்குழம்புக்குப் போடற மணத்தக்காளி அதுக்கு ரொம்ப முன்னாடியே வேலியோரம் முளைச்சது.

வந்த காய் எப்படி நம்ம காய் ஆச்சு? மிளகாய்ப் பழத்தைக் காயவெச்சு உடைச்சா விதை அடுப்படியிலேயே கொட்டும். யாரையும் கேக்க வேண்டியதில்ல, அடுத்த பட்டத்துக்கு நாத்து ரெடி. விதை வீட்டுலேயே கிடைக்கிற செடி எங்கிருந்து வந்தாலும் கொல்லையில தங்கிடும். இது முதல் பாடம்.

அடுத்தது உப்பு. வத்தல், ஊறுகாய், கருவாடு மூணுக்கும் அதுதான் காவல். எங்களுக்குக் கடல் ஒண்ணும் தூரமில்ல, மரக்காணம் பக்கம் இன்னிக்கும் உப்பளம் இருக்கு. ஆனா 1805-ல கிழக்கிந்திய கம்பெனி மெட்ராஸ் மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கிக்கிச்சு. கடலோரத்துல கிடக்கிற உப்பை அள்ளினாக் குத்தம்னு ஆயிடுச்சு. 1876-ல தொடங்கி 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். பல லட்சம் பேர் செத்தாங்க. அந்தப் பஞ்ச காலத்துலேயே மெட்ராஸ் மாகாணத்து உப்பு வரியை, சுமார் 37 கிலோவுக்கு ரெண்டு ரூபாய்க்குள்ள இருந்ததை, ரெண்டரை ரூபாய் ஆக்கினாங்க. கஞ்சிக்கே உப்பு யோசிச்சுப் போட்ட வீட்டுல ஒரு கூடை மாங்காய்க்கு ரெண்டு படி உப்பு எங்கிருந்து வரும்? ஊறுகாய் ஜாடி என்பது அன்னிக்கு வசதியுள்ள வீட்டுச் சாமான்.

1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளினதை வெறும் அரசியலாப் பள்ளிக்கூடத்துல படிச்சோம். என் கண்ணுக்கு அது அடுப்படிப் போராட்டமும்தான். 1947-ல உப்பு வரி போச்சு. இன்னிக்கு வத்தலுக்கு வேண்டிய நாலுல உப்புதான் ரொம்ப மலிவு. அதனால அதோட அருமை நமக்குத் தெரியல.

அந்தப் பஞ்சத்துல இன்னொரு பாடமும் இருக்கு, மறைக்கக் கூடாது. வத்தல் பானை ஐப்பசி, கார்த்திகை மழையில காய் கிடைக்காத ஒன்றரை மாசத்தை ஓட்டிக் கொடுக்கும். ரெண்டு வருஷம் மழை பொய்ச்சா அது ஒண்ணும் பண்ண முடியாது. பழைய காலத்துல எல்லாரும் சுபிட்சமா இருந்தாங்கன்னு பேசறவங்களை நான் நம்பறதில்ல.

உப்பு இல்லாமலே காயை வருஷக்கணக்கா வைக்க ஒரு வழியைப் பிரான்ஸ் நாட்டு சமையல்காரர் நிக்கோலா அப்பேர் கண்டுபிடிச்சார். பாட்டில்ல அடைச்சு, மூடி, கொதிக்கிற தண்ணியில வேகவெக்கிறது. 1810-ல அதைப் புத்தகமா வெளியிட்டார், அரசாங்கம் பரிசு கொடுத்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா, இங்கிலாந்து ஜனங்க வீட்டுத் தோட்டத்துல விளைஞ்சதை இப்படித்தான் பாட்டில் பாட்டிலா அடைச்சு வெச்சாங்க. 1943-ல அமெரிக்காவுல மட்டும் அந்த மாதிரித் தோட்டம் 2 கோடி வரைக்கும் இருந்ததாச் சொல்றாங்க. இதை வீடியோவுல பார்த்துட்டு பீன்ஸ், கத்தரிக்காயைப் பாட்டில்ல அடைக்கிறவங்க இப்போ நம்ம பக்கமும் இருக்காங்க. அவங்களுக்கு ஒரு வார்த்தை. புளிப்பு இல்லாத காயைக் காத்துப் புகாம அடைச்சா, கொதிநீர்ல சாகாத ஒரு கிருமி உள்ளே வளரும், அதோட விஷம் ஆளையே கொல்லும். அதுக்குன்னு செஞ்ச பிரஷர் பாத்திரமும் சரியான நேரக் கணக்கும் இல்லாம அந்த வேலை வேண்டாம். நம்ம வெயிலுக்கு வத்தல்தான் பத்திரம்.

அதே 1943-ல இங்கே என்ன நடந்துச்சு? வங்காளத்துல பஞ்சம். அரசாங்கம் "அதிக உணவு உற்பத்தி இயக்கம்" தொடங்குச்சு. அது ஏன் எதிர்பார்த்த பலன் தரலைன்னு விசாரிக்கப் போட்ட கமிட்டி 1952-ல அறிக்கை கொடுத்துச்சு. கிராமத்து வாழ்க்கை மொத்தமும் ஒண்ணோட ஒண்ணு பின்னினது, துண்டு துண்டா ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து இறக்கினா ஒட்டாது என்பதுதான் சாரம். அதுலருந்துதான் சமுதாய வளர்ச்சித் திட்டம் விரிஞ்சு, கிராம சேவக் நம்ம ஊருக்கெல்லாம் வந்தாங்க. தோத்ததை ஒத்துக்கிட்டு எழுதி வெச்ச அறிக்கைங்கிறதால எனக்கு அது மேல மரியாதை உண்டு.

இப்போ விதைக் கதை. வெண்டைச் செடியில இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காய் வெளுத்து வரும் நோயைப் பார்க்காத விவசாயி கிடையாது. வெள்ளை ஈ பரப்புறது. 1960 வாக்குல டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையத்துல ஹர்பஜன் சிங் என்கிற விஞ்ஞானி "பூசா சவானி" ரகத்தை உண்டாக்கினார். இந்த நோயைத் தாங்கும்னு நாடு முழுக்கப் பரவுச்சு. சில வருஷத்துல நோய் அதையும் பிடிச்சுக்கிச்சு. பிறகு பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் காட்டு வெண்டையோட ஒட்டி "அர்கா அனாமிகா"வைக் கொடுத்தாங்க. நல்லா வந்துச்சு, இப்போ அதுலயும் மஞ்சள் தெரியுது. விஞ்ஞானியைக் குறை சொல்ல இதைச் சொல்லல. ஊர் பூராவும் ஒரே ரகத்தைப் போட்டா நோய்க்கு ஒரே பூட்டுதான், ஒரு சாவி போதும். கொல்லையில மூணு ரகம் கலந்து இருந்தா ஒண்ணாவது தப்பும்.

முருங்கை இதுக்கு நேர்மாறு, ஜெயிச்ச கதை. எங்க ஆயா காலத்துல முருங்கைன்னா போத்து வெட்டி நடறதுதான். காய்க்க நாளாகும், ஒரு காத்துக்கு முறியும். 1980-களின் கடைசியில பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம்.1 என்கிற செடி முருங்கையைக் கொண்டுவந்துச்சு. விதை போட்டு ஆறேழு மாசத்துல காய். அதுக்கு மூலம் தூத்துக்குடி பக்கத்து எப்போதும்வென்றான் என்கிற ஊர் முருங்கை. ஊர்ப் பேர் பொருத்தத்தைப் பாருங்க! ஒரு கிராமத்து மரத்தை எடுத்து, பொறுமையாத் தேர்வு செஞ்சு, திரும்ப எல்லா கிராமத்துக்கும் கொடுத்தாங்க. 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் எங்க பக்கத்து முருங்கையை எல்லாம் சாய்ச்சப்போ, விதை வெச்சிருந்தவங்க வீட்டுல அடுத்த வருஷமே காய் தொங்குச்சு.

தண்ணிக்கு வருவோம். பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம்னு சொல்லுவாங்க. ஏரி நின்னாக் கிணறு ஊறும். கிணத்தடியில குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி வாய்க்கால் வழியா வாழைக்கும் சேம்புக்கும் போகும். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வெளியே வந்துச்சு. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எங்கும் சிப்காட். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வந்துச்சு. கொல்லை இருந்த இடத்துல லைன் வீடு கட்டினாங்க. கத்தரிச் செடி தராத காசை வாடகை தரும்போது யாரும் அதைத்தான் செய்வாங்க, பல பிள்ளைகள் அந்த வாடகையில படிச்சாங்க. ஆனா கிணத்தையும் மூடினது பெரிய இழப்பு. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி அடையாறு வெள்ளம். 2019 கோடையில அதே ஏரி வறண்டு கிடந்துச்சு. நாலே வருஷத்துல ரெண்டையும் பார்த்தோம். தண்ணி இல்லாமப் போகல, தேக்கி வைக்கிற இடம் போச்சு.

கடைசியா வெயில். அது மட்டும் குறையவே இல்ல. ஆனா வெயிலைக் காக்க ஆள் இல்ல. வத்தல்னா காலையில விரிக்கணும், காக்கா ஓட்டணும், சாயங்காலம் அள்ளி மோர்ல போடணும், மறுநாள் திரும்ப விரிக்கணும். ஷிப்டுக்குப் போற பொண்ணு காலை அஞ்சரைக்குக் கம்பெனி பஸ் ஏறணும். இதுல சோம்பல் எங்க இருக்கு? எங்க தெருவுல லைன் வீட்டுக்குக் குடிவந்த ஒடிசாக்காரக் குடும்பம் ஒண்ணு உளுந்தும் வெள்ளைப்பூசணியும் அரைச்சு, கிள்ளிக் கிள்ளி மாடியில காயவெச்சது. 'படி'ன்னு சொல்றாங்க. நம்ம வடகத்துக்கு அக்கா தங்கச்சி. அவங்க வீட்டுல பகல்ல பெரியம்மா ஒருத்தர் இருக்காங்க, அதனால காயுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2020-ல இது எல்லாத்துக்கும் ஒரு பரீட்சை வந்துச்சு. மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, காய்கறிச் சந்தையைத் திருமழிசைக்கு மாத்தினாங்க. எங்க ஊருக்கு அது பக்கம்தான், ஆனா போலீஸ் தடுப்பு, பஸ் இல்ல. செப்டம்பர் கடைசி வரைக்கும் அப்படியே ஓடுச்சு. அந்த அஞ்சு மாசம் சுண்டை வத்தலும், மாங்காய் வத்தலும், வேலி அவரையும் இருந்த வீடு கலங்கல. 2023 ஜூலையில தக்காளி நூறைத் தாண்டி, ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு அரசாங்கமே வித்தப்பவும், புளியும் வத்தலும் வெச்சிருந்தவங்களுக்குக் குழம்பு கொதிச்சுது.

இதையெல்லாம் பார்த்துட்டு நான் எடுத்துக்கிட்டது இதுதான்.

விதையைக் காசு கொடுத்து ஒரு தடவை வாங்கலாம், ரெண்டாம் தடவை வீட்டுலருந்து எடுக்கணும். வீரிய ஒட்டு ரகத்துல இது நடக்காது, அதனால வாங்கும்போதே கேட்டு வாங்குங்க. கத்தரி, வெண்டை, அவரை, மிளகாய் எடுக்கறது சுலபம். சுரையும் பூசணியும் பக்கத்து வீட்டு மகரந்தத்தையும் வாங்கிக்கும், ஒரு தெருவுக்கு ஒரு ரகம்னு பேசி வெச்சுக்கலாம். பூசணி விதையைச் சாணியில அப்பிச் சுவத்துல ஒட்டி வைக்கிற ஆயா முறை இன்னும் வேலை செய்யுது.

காக்கா ஓட்ட ஆள் இல்லைன்னா, பழைய கட்டில் மேல தட்டு வெச்சு நாலு பக்கமும் கொசுவலை கட்டுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் உழைப்பு, மத்த நாள் வெயில் தன் வேலையைப் பார்க்கும். கொத்தவரையை ஒரு கொதி விட்டு, உப்பு மோர்ல ஊறவெச்சுப் போடுங்க. ஒடிச்சா சட்டுனு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஒரு வெயில் வேணும். மழை முடிஞ்சு தை மாசம் திரும்ப ஒரு தடவை காயவெச்சா பூசணம் அண்டாது.

கிணத்தை மட்டும் மூடாதீங்க. லைன் வீடு கட்டினாலும் கூரைத் தண்ணியைக் கிணத்துக்குத் திருப்பி விடுங்க.

ஆடிப் பட்டம் வருது. எங்ககிட்ட முள்ளுக்கத்தரியும் பச்சை அவரையும் சுண்டையும் விதையா இருக்கு. வேணும்கிறவங்க வந்து வாங்கிக்கலாம், காசு வேண்டாம். அடுத்த ஆடிக்கு அதே அளவு விதையை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாப் போதும்.