பிள்ளையிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது எப்படி? தாதியர் ஆய்வு காட்டும் வழி

ஜோர்ஜ்டவுன் – லிட்டில் இந்தியாவில் ஒரு கடை வாசல். பொம்மை காரைக் கேட்டு இரண்டு வயதுப் பிள்ளை தரையில் உருண்டு அழுகிறது. “வேண்டாம்” என்கிறார் அம்மா. “பாவம், வாங்கிக் கொடேன்” என்கிறார் பாட்டி. அப்பா கையை ஓங்குகிறார். ஒரே நேரத்தில் பிள்ளைக்கு மூன்று பதில்கள் கிடைக்கின்றன. இதிலிருந்து அது எதைக் கற்றுக்கொள்ளும்?

இக்கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்களில் தாதியர் துறை ஆய்வாளர்களும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த எலிசபெத் லெகூயர், கேயில் ஹௌக் இருவரும் அவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள்.

சுயக்கட்டுப்பாடு என்றால் என்ன?

ஆசை, கோபம், அவசரம் ஆகியவற்றைத் தானே அடக்கிக்கொள்ளும் திறனே சுயக்கட்டுப்பாடு. இது பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடுவதில்லை. உளவியலாளர் கிளேர் கோப் 1982-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் படிகளை விளக்கினார். ஒரு வயதை ஒட்டிய பிள்ளை, பெரியவர் அருகில் இருந்து சொல்லும்போது நிறுத்திக்கொள்ளத் தொடங்குகிறது. இரண்டு வயதில், யாரும் பார்க்காதபோதும் ஓரளவு விதியை நினைவில் வைக்கிறது. மூன்று வயதை நெருங்கும்போது சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளப் பழகுகிறது. ஆகவே இரண்டு வயதுப் பிள்ளையின் அடம் கெட்ட குணம் அல்ல. அதன் மூளையில் ‘பிரேக்’ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் பிறந்த சுமார் ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. சிறுவயதில் சுயக்கட்டுப்பாடு அதிகம் இருந்தவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பண நிலையிலும் மேலாக இருந்ததை அது காட்டியது.

நான்கு விதமான தாய்மார்கள்

லெகூயர், ஹௌக் குழுவினர் பிள்ளைகளின் 12, 24, 36-ஆவது மாதங்களில் தாயையும் பிள்ளையையும் ஒன்றாகக் கவனித்தனர். தொடக்கூடாத பொருளை நோக்கிப் பிள்ளை செல்லும்போது தாய் எப்படித் தடுக்கிறார் என்று பதிவு செய்தனர். தாய்மார்களின் போக்கை நான்காகப் பிரித்தனர்: காரணம் சொல்லிக் கற்பிப்பவர்கள், அதிகாரத்தால் அடக்குபவர்கள், நேரடியாகத் தடுக்காமல் சுற்றி வளைப்பவர்கள், ஒரு நேரம் ஒரு மாதிரி நடப்பவர்கள். பின்னர் அதே பிள்ளைகள் ஐந்து வயதில் ஆசைப்பட்டதற்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்தனர். ‘தடுக்கலாமா, கூடாதா’ என்பதைவிட ‘எப்படித் தடுக்கிறோம்’ என்பதே இந்த ஆய்வுகளின் மையக் கேள்வி.

லெகூயர் பின்னாளில் ஆப்பிரிக்க அமெரிக்கத் தாய்மார்களின் ஒழுங்குமுறைகளையும் ஆராய்ந்தார். ஒரு சமூகத்தில் கடுமையாகத் தோன்றும் சொல், மற்றொரு சமூகத்தில் அக்கறையின் அடையாளமாக இருக்கலாம். கூட்டுக் குடும்பப் பழக்கம் உள்ள நமக்கும் இது பொருந்தும்.

அடி உதவுமா?

“அடியாத மாடு படியாது” என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. 75 ஆய்வுகளையும் 160,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் உள்ளடக்கி 2016-இல் வெளியான தொகுப்பாய்வு, அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்படுவதைக் காட்டியது. அடி அந்த நிமிடத்தை நிறுத்தலாம். ஏன் கூடாது என்பதைக் கற்றுத் தராது.

அதற்காகத் தாயை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. புகழ்பெற்ற ‘மார்ஷ்மெல்லோ’ காத்திருப்புச் சோதனையை 2018-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அதன் தாக்கம் வெகுவாகக் குறைந்தது. இரண்டு ‘ஷிப்ட்’ வேலை பார்த்துக் களைத்து வரும் பெற்றோருக்குப் பொறுமை எளிதல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்?

• விதிகள் குறைவாக இருக்கட்டும். சூடான அடுப்பு, சாலை, பிறரை அடிப்பது போன்றவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

• பிள்ளையின் கண் மட்டத்திற்குக் குனிந்து, சுருக்கமாகக் காரணம் சொல்லுங்கள்: “அடுப்பு சுடும். கை வலிக்கும்.”

• உடனே மாற்று வழி காட்டுங்கள்: “அடுப்பு வேண்டாம், இந்தச் சட்டியைத் தட்டு.”

• அழுகையைக் கண்டு விதியை மாற்றாதீர்கள். அருகில் இருந்து அமைதிப்படுத்துங்கள்.

• அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா, பராமரிப்பாளர் அனைவரும் ஒரே பதிலைச் சொல்ல முன்கூட்டியே பேசி வையுங்கள்.

• பிள்ளை காத்திருந்தால் உடனே பாராட்டுங்கள்.

உதவி எங்கே?

9, 12, 18-ஆவது மாதத் தடுப்பூசிகளுக்காக அரசாங்க சுகாதார கிளினிக்கிற்குப் பிள்ளையைக் கொண்டு செல்லும்போது, ஊசியோடு திரும்பிவிடாமல் தாதியிடம் பிள்ளையின் அடத்தைப் பற்றியும் கேளுங்கள். யுனிசெஃப், தேசிய மக்கள்தொகை குடும்ப மேம்பாட்டு வாரியம், புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து நம் நாட்டுக்கு ஏற்ப அமைத்த ‘நவுங்கான் காசே’ பெற்றோர் பயிற்சியும் உள்ளது. பிள்ளைக்குப் பேச்சு தாமதமானாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்தக் கடை வாசலுக்கே திரும்புவோம். அம்மா பிள்ளையைத் தூக்கி, “இன்று கார் வாங்கவில்லை. அழுகை வருகிறது, தெரியும்” என்று சொல்ல, பாட்டியும் அப்பாவும் அதையே சொன்னால் போதும். அழுகை சற்று நீளலாம். ஆனால் ‘இல்லை’ என்றால் இல்லைதான் என்பதையும், அதற்காகத் தன் மீதான அன்பு குறையாது என்பதையும் பிள்ளை ஒருசேரக் கற்றுக்கொள்கிறது.