செம்புக்குக் கணக்கு எழுதியவர்கள்

1961இல் மத்திய அரசு தொடங்கிய ஐ.டி.பி.எல். நிறுவனம் சோவியத் உதவியோடு மூன்று ஆலைகளை எழுப்பியது. ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக், சென்னையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள், ஹைதராபாதில் குகட்பள்ளியை ஒட்டிய பாலாநகரில் செயற்கை மருந்துகள். ஹைதராபாத் ஆலை பின்னாளில் நொடித்துப்போனாலும், அங்கே தொழில் கற்றவர்கள் நகரைச் சுற்றி மருந்துக் கம்பெனிகளைத் தொடங்கினார்கள். 1984இல் டாக்டர் ரெட்டீஸை நிறுவிய அஞ்சி ரெட்டியும் ஐ.டி.பி.எல்.லில் வேலை பார்த்தவர்தான்.

அந்தத் தொழில் மரபின் பலன் ஒன்று 2023 நவம்பரில் தெரிந்தது. அரிய நோய்களுக்கான சில மருந்துகள் இனி உள்நாட்டிலேயே கிடைக்கும் என்று மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் ஒன்று வில்சன் நோய்க்கான டிரையன்டைன். ஆண்டுக்கு 2.2 கோடி ரூபாய் ஆன செலவு 2.2 லட்சமாகக் குறையும் என்றார்கள். இம்முயற்சியில் இறங்கிய லாரஸ், எம்.எஸ்.என். இரண்டும் ஹைதராபாத் நிறுவனங்கள்.

விலை இறங்கியது பெரிய செய்தி. ஆனால் இந்த நோயில் மருந்து பாதி வேலையைத்தான் செய்யும்.

உணவில் வரும் செம்பைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்ற வேண்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான ஏடிபி7பி மரபணுவைப் பெற்ற பிள்ளைக்கு அது நடப்பதில்லை. செம்பு கல்லீரலில் தேங்கி, பிறகு மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் விழுகிறது. கின்னியர் வில்சன் 1912இல் இதை விவரித்தபோது சிகிச்சையே கிடையாது. 1956இல் ஜான் வால்ஷ் பெனிசிலமினைக் கொண்டுவந்தார். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக 1969இல் டிரையன்டைனையும் அவரே கொண்டுவந்தார்.

உயிர் பிழைத்தவர்களுக்கு அடுத்த சிக்கல் காத்திருந்தது. உடம்பு தேறியதும் 'இனி எதற்கு மாத்திரை?' என்று தோன்றும். பெனிசிலமினைத் தாங்களாகவே நிறுத்திய 11 பேரில் 8 பேர், சராசரியாக 2.6 ஆண்டுகளில் இறந்துபோனதை 1987இல் அமெரிக்க மருத்துவர் ஷைன்பெர்க் குழுவினர் எழுதினார்கள். மருந்து கூடினாலும் ஆபத்துதான்: செம்பு அளவுக்கு மீறிக் குறைந்தால் ரத்த அணுக்கள் குறையும்.

அதனால்தான் அந்த அலுப்பூட்டும் சோதனை. காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடித்து, அதிலுள்ள செம்பை அளப்பார்கள். கூடவே ரத்தம், கல்லீரல், கண் பரிசோதனைகள். ஒரே அளவை எல்லோருக்கும் பொருத்த முடியாது. பெனிசிலமின் சாப்பிடுபவருக்குச் சிறுநீரில் செம்பு அதிகம் போவது மருந்து வேலை செய்வதன் அடையாளம்; இதே நோய்க்கு மருந்தாகத் துத்தநாகம் சாப்பிடுபவருக்கு அதே எண் எச்சரிக்கை.

இந்தக் கணக்கை நம் நாட்டில் பொறுமையாக எழுதிவைத்தது பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை. மூன்று பத்தாண்டுகளில் அங்கே வந்த 282 நோயாளிகளின் விவரத்தை ஏ.பி. தல்லி குழுவினர் 2007இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. பல ஆண்டுகள் பெனிசிலமின், துத்தநாகம் இரண்டும் எடுத்த 45 பேருக்குப் பெனிசிலமினை நிறுத்தி, மலிவான துத்தநாக சல்பேட்டை மட்டும் கொடுத்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 44 பேர் நிலை மோசமாகவில்லை. ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுதிய கேஸ் ஷீட்டுகள் இல்லாமல் அப்படி ஒரு முடிவை எடுக்கும் துணிச்சல் எந்த மருத்துவருக்கும் வந்திருக்காது.

மலிவு மாத்திரை வந்துவிட்டது. செம்பை அளக்கும் வசதி மாவட்ட மருத்துவமனைக்கும் வர வேண்டும். நோயாளி நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு முறை செக்கப்புக்குப் போக வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அவர்களையும் அழைத்துப் போய்ப் பரிசோதியுங்கள்.