அலெக்ஸாந்திரியாவுக்கு ஏன் போகவேண்டும்?

எகிப்துக்குப் போய்த் திரும்பியவர்கள் பிரமிட்டுகளைப் பற்றி ஆர்வத்தோடு பேசுவார்கள். அலெக்ஸாந்திரியாவைப் பற்றி விசாரித்தால், "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலையே இன்று இலக்கிய நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. மத்தியதரைக் கடலோரத்தில் மாவீரன் அலெக்ஸாந்தர் கி.மு. 331இல் நிறுவிய நகரம் அது. அவனுடைய கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. உலக அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் 14ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கங்களில் சரிந்தது. அது நின்ற இடத்தில் சுல்தான் கைத்பே 1477இல் எழுப்பத் தொடங்கிய கோட்டையே இன்று நிற்கிறது. எரதோஸ்தனிஸ் தலைமை வகித்த, பூமியின் சுற்றளவை அவர் கணக்கிட்ட காலத்துப் பெருநூலகமும் இல்லை. அது ஒரே நாளில் எரிந்ததா, நூற்றாண்டுக் கணக்கில் மெல்லத் தேய்ந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நூலகம் ஒன்றை இழப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த நகரம் சும்மா இருக்கவில்லை. 2002இல் அதே கடற்கரையில் புதிய நூலகமொன்றைத் திறந்தது. அதன் கருங்கற் சுவரில் உலக மொழிகள் பலவற்றின் எழுத்துகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் வழிகாட்டி நூல்களில் உள்ள காரணங்கள். என்னுடைய காரணம் வேறு. அது 1882ஆம் ஆண்டு ஜூலை 11ஆந் திகதி என்ற ஒரே ஒரு நாள்.

அன்று காலை பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அலெக்ஸாந்திரியாவின் கோட்டைகள்மீது பீரங்கித் தாக்குதல் தொடங்கின. "எகிப்து எகிப்தியருக்கே" என்று எழுந்த தேசிய இயக்கத்தை அடக்குவதே நோக்கம். கைத்பே கோட்டையும் சிதைந்தது. தாக்குதலையடுத்து மூண்ட தீ நகரின் மையத்தைச் சாம்பலாக்கியது.

எரிந்த வீடுகளில் ஒன்று ஒரு கிரேக்க வணிகக் குடும்பத்தினுடையது. குடும்பத்தினர் சில நாட்களுக்கு முன்னரே கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குப் புறப்பட்டுவிட்டனர். அவர்களோடு சென்ற பத்தொன்பது வயது இளைஞனின் புத்தகங்களும் எழுத்துக்களும் வீட்டோடு போயின. அந்த இளைஞனே பின்னாளில் நவீன கிரேக்கக் கவிதையின் பெரும்பெயராக விளங்கிய கவாஃபி. 1885இல் திரும்பிவந்தவர், நீர்ப்பாசன இலாகாவில் முப்பது ஆண்டுகளளவில் எழுதுவினைஞராக உழைத்து, 1933இல் அங்கேயே மறைந்தார். இழந்த நகரத்தை வாழ்நாளெல்லாம் கவிதையில் மீட்டவர் அவர். குடியிருந்த வீடு இன்று நினைவகமாக இருக்கிறது.

அதே தாக்குதல் இன்னொரு கவிஞரை நம்மிடமே கொண்டுவந்து சேர்த்தது. தேசிய இயக்கத்தின் தலைவர் ஒராபி பாஷா போரில் தோற்றார். அவரையும் தோழர்கள் அறுவரையும் 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். அந்த அறுவரில் ஒருவர் 1882இல் சில மாதங்கள் பிரதமராயிருந்த மஹ்மூத் ஸாமி அல்பாரூதி. அறபுக் கவிதைக்குப் புத்துயிர் கொடுத்தவர் என்று இலக்கிய வரலாறு போற்றுபவர். தாய்நாட்டில் மனைவி இறந்த செய்தி 'சரந்தீப்'பில் இருந்த அவரை எட்டியபோது பாடிய இரங்கற்பா அறபு இலக்கியத்தில் அழியாத இடம் பெற்றது.

மூன்றாமவர் நம்மவர், கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்தி லெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். ஒராபி பாஷாவோடு நட்புப் பூண்டார். பிற்காலத்தில் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை 1892இல் உருவானதற்கு அந்த நட்பும் ஒரு காரணம். 1885இல் அவர் வெளியிட்ட 'அஸன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனக் கருதப்படுகிறது. அதன் கதாநாயகன் எகிப்தைச் சேர்ந்தவன்! இது வெறும் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கைத்பே கோட்டை மதிலில் நான் நின்றபோது இந்த மூவரும்தான் நினைவுக்கு வந்தார்கள். கிரேக்க மொழிக்காரரும் அறபு மொழிக்காரரும் தமிழ் மொழிக்காரரும் எழுதியவற்றில் அந்த ஒரு நாளின் புகை எங்கோ படிந்திருக்கிறது. பீரங்கிகளை ஏவியவர்களின் பெயரை இன்று தேடித்தான் பார்க்கவேண்டும். இவர்கள் எழுதியவை நின்றுவிட்டன.

நேயர்களே, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஊருக்கு நான் போகச் சொல்வது இதற்காகத்தான். விமானச் சீட்டுக்கு வழியில்லாதவர்களும் கவலைப்படவேண்டாம். ஒராபி பாஷா வாழ்ந்த வீடு கண்டியில் நினைவில்லமாக இருக்கிறது. அலெக்ஸாந்திரியாவுக்கான பயணத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.