வாவியின் நாதமும் அதைக் கேட்ட கருவிகளும்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றி எழுத முற்படுவோர், கல்லடிப் பாலத்தையும் பூரணை நிலவையும் வருணிப்பதோடு அமைந்துவிடுகின்றனர். அந்த நாதத்தை மனிதச் செவிக்குக் கொண்டுவந்து சேர்த்த சாதனங்களின் சரித்திரமோ, நாதத்துக்குச் சற்றும் குறையாத பெருமையுடையது.

நீருள் எழும் ஒலியின் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே காற்றை அடைகிறது. எஞ்சியது நீர்ப்பரப்பில் மோதி மீண்டுவிடும். இந்தத் தத்துவத்தை எந்த நூலிலும் கல்லாத வாவி மீனவர், தோணியை அசையாது நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் காதோடு அணைத்து, மரத்தின் வழியே அந்த ஒலியை வாங்கினர். 1848 செப்டெம்பரில் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், நிலவொளியில் படகேறிச் சென்று, நுண்ணிய பல சுரங்கள் தனித்தனியே ஒலிப்பதைக் கேட்டதோடு, படகின் பலகையிற் செவியை வைத்தபோது அவை பன்மடங்கு ஓங்கியதையும் குறித்துவைத்தார். அவற்றைப் பிறப்பிப்பது மீனன்று, ஊரி என்னும் நத்தையினமே என்று மீனவர் அவருக்கு உரைத்தனர்.

மின்சார யுகத்தில், 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வென்ட் என்பார் கண்டென்சர் ஒலிவாங்கியை ஆக்கினார். இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகத் தகடொன்றும், அதற்கு மயிரிழை இடைவெளியில் நிலைத்த தகடொன்றுமே அதன் உயிர்நிலை. உயர் மின்னழுத்தம் ஊட்டிய நிலையில் ஒலியால் முன்தகடு அதிர, இடைவெளி மாற, அம்மாற்றம் மின்சலனமாகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், புனித மிக்கேல் கல்லூரியைச் சார்ந்த இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் வாவியின் நாதத்தைப் பதிவு செய்ய, இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. 1962இல் செஸ்லரும் வெஸ்டும் பெல் ஆய்வுகூடத்தில், நிரந்தர மின்னேற்றம் பெற்ற மென்படலத்தால் எலெக்ட்ரெட் ஒலிவாங்கியைப் படைத்தபின், வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் ஊட்டவேண்டிய தேவை ஒழிந்து, கண்டென்சர் ஒலிவாங்கி எளியோர் கைக்கும் எட்டியது.

ஓர் எலெக்ட்ரெட் குமிழ், ஒரு தடை, ஒரு மின்தேக்கி, ஒன்பது வோல்ட் பற்றரி, ஈயப்பற்று வைக்கத் தெரிந்த கை ஆகியன இருப்பின், வீட்டு மேசையிலேயே ஒலிவாங்கி உருவாகிவிடும். உப்பீரக் காற்று உட்புகுந்தால் நுண்ணிய மின்னேற்றம் கசிந்து இரைச்சல் தோன்றுமாதலால், அதனை உலர்ந்த பெட்டியிற் பேணுவதும், நீர்புகா உறையிட்டே வாவியில் இறக்குவதும் அவசியம்.

ஒலிவாங்கி செய்து வாவியின் நாதத்தைப் பதியும் இக்கலையில் நம் இளைஞர் ஈடுபடவேண்டும் என்பதே என் திடமான விருப்பம். இடம், திதி, ஆழம், முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்னும் குறிப்புகளோடு ஆண்டுதோறும் பதிவுகள் சேருமாயின், ஊரியா மீனா என்ற பழைய வழக்கு ஆராய்ச்சிக்கு ஆதாரம் பெறும். வாவியின் நலம் குன்றுவதையும் அதன் நாதத்தைக் கொண்டே நாம் காலத்தில் அறிந்துகொள்ளலாம்.