கனகம்மாசத்திரமும் தணிகை வழியும்

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கும், அதற்கப்பால் திருப்பதிக்கும் செல்லும் நெடுஞ்சாலையில், தணிகைமலைக்கு ஒரு காலைநடைத் தொலைவில் உள்ள ஊர் கனகம்மாசத்திரம். தமிழகத்து ஊர்கள் மரத்தாலும், நீர்நிலையாலும், குலத்தாலும், கோயிலாலும் பெயர் பெற்றுள்ளன. இவ்வூரோ தன் மக்களுக்கென்று அல்லாமல், அவ்வழியே வந்து ஓர் இரவு தங்கிப் போகும் அயலார்க்கென எழுந்த ஒரு கட்டடத்தால் பெயர் பெற்றது. அக்கட்டடத்தின் பெயரோ ஒரு பெண்ணின் பெயர்.

இவ்வகைப் பெயர் இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. காஞ்சிபுரத்துச் சாலையில் சுங்குவார்சத்திரமும் பாலுசெட்டிசத்திரமும் உள்ளன. திண்டுக்கல் பக்கம் ஒட்டன்சத்திரம் உள்ளது. குடந்தையை அடுத்து அம்மாசத்திரம் உள்ளது. இவற்றை நாட்டுப்படத்தில் குறித்துக் கோடிட்டால், இருப்புப்பாதைக்கு முன்னர் மக்கள் எவ்வழியே நடந்தனர், எங்கே இளைப்பாறினர் என்பதன் வரைபடம் ஓரளவு கிடைத்துவிடும். போக்குவரத்தின் வரலாற்றை ஊர்தியிலிருந்து தொடங்குவது இன்றைய வழக்கம். தங்குமிடத்திலிருந்து தொடங்குவதே நம் நாட்டுக்குப் பொருந்தும் என்பதற்குக் கனகம்மாசத்திரம் ஒரு நல்ல சான்று.

வழிச்செல்வோர்க்கு வழிகூறுதலை இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். ஆற்றுப்படை நூல்கள் புரவலனைப் பாட எழுந்தவையேயாயினும், இடைவழியில் எந்நிலத்து மக்கள் என்ன உணவளிப்பர், எங்கே அச்சம், எங்கே நிழல் என்பவற்றைச் சொல்வதே அவற்றின் பெரும்பகுதி. காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டிகள் அணிவகுத்துச் செல்கின்றன. வழியில் வேற்று நிலத்தார் பாணனுக்கு உணவிடுகின்றனர். தொண்டை நாட்டுப் பயணத்தின் முதற் குறிப்பேடு அது எனலாம். திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடலைத் திருத்தணிகையோடு இணைத்து வழங்குவது மரபு. எனவே தணிகை வழி என்பது புலவர்கள் அறியாத வழியன்று.

நடப்பதும் இவ்வட்டாரத்தில் வெறும் பெயர்ச்சியாக இருந்ததில்லை. கனகம்மாசத்திரத்திலிருந்து பிரிந்து செல்லும் சாலை திருவாலங்காட்டை அடைகிறது. காலால் மிதித்தலுக்கு அஞ்சித் தலையால் நடந்தவர் காரைக்காலம்மையார். அவர் இறைவனடியில் அமர்ந்த தலம் ஆலங்காடு. அம்மையார் தலையால் நடந்த மண்ணில் தம் கால் படலாகாது என ஞானசம்பந்தர் ஊருக்குள் புகாமல் பக்கத்துப் பழையனூரில் தங்கினார் என்கிறது பெரியபுராணம். ஊர்தி எது என்று கேட்கும் காலத்துக்கு, எவ்வாறு மிதிப்பது என்று கேட்ட காலம் விளங்குவது சற்றுக் கடினமே.

சென்னையிலிருந்து திருத்தணி ஏறத்தாழ 85 கிலோமீட்டர். நடையாகவோ மாட்டுவண்டியிலோ நாளொன்றுக்குப் பதினைந்து மைல் கடப்பதே பெரிது. ஆகவே வழியில் மூன்று இரவுகளேனும் தங்கியாக வேண்டும். வசதியுடையார் பல்லக்கில் சென்றனர். ஆயினும் பல்லக்கு சுமப்போரின் கால்களைவிட விரைந்து செல்லவியலாது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டார். திருப்பதி வழியாகச் சென்று, திரும்பி வர ஓராண்டுக்கும் மேலாயிற்று. தெலுங்கில் அவர் எழுதிய யாத்திரை நூலில், எவ்வூரில் சத்திரம் உண்டு, எங்கே நல்ல நீர் கிடைக்கும், எங்கே கடைகள் உள்ளன என்பன விடாமல் குறிக்கப்பட்டுள்ளன. அக்காலத்துப் பயணியின் கவலை வேகமன்று, அடுத்த இரவு.

அக்கவலைக்கு விடையாக எழுந்தவையே வழியோர அறங்கள். சத்திரம் அவற்றுள் பெரியது. அதனைச் சூழ்ந்து குளமும், கிணறும், சாலைமரங்களும், கோடையில் தண்ணீர்ப்பந்தலும் அமைந்தன. தலைச்சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றிக்கொள்ள, ஆள் உயரத்தில் இரு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கியும் அவ்வறங்களுள் ஒன்று. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடுவது வழக்கம்: அவள் இறக்கி வைக்காமற்போன சுமையை வழிப்போக்கர் இறக்கி வைப்பதாக ஐதிகம். மதுரையில் இராணி மங்கம்மாள், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் எனச் சத்திரங்கள் பல பெண்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. கோயிற் கல்வெட்டுகளில் அரசியரும் தேவரடியாரும் பெற்ற இடத்தைப் பிற்காலத்தில் சாலையோரத்தில் இப்பெண்கள் பெற்றனர். கனகம்மா தாமே எழுப்பினாராயினும், அவர் பெயரால் பிறர் எழுப்பினாராயினும், ஊராக நிலைத்தது அவர் பெயரே.

சத்திரத்தில் நடந்தது என்ன என்பதைத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் விரித்துரைக்கிறது. இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள சத்திரங்களைத் தம்மிடமே விட்டுவைக்குமாறு வேண்டிய கடிதம் அது. எல்லா வகுப்பாருக்கும் உணவு, குழந்தைகளுக்குப் பால், நோயுற்றோர்க்கு மருத்துவம், பேறுகாலப் பெண்களுக்குப் பராமரிப்பு, வழியில் இறந்தவர்க்கு ஈமக்கடன் என அதன் பட்டியல் நீள்கிறது. அரச குடும்பத்தின் கொடையை எல்லாச் சத்திரங்களுக்கும் அளவுகோலாகக் கொள்ளலாகாது. எனினும் வழிப்போக்கனுக்கு என்னென்ன நேரக்கூடும் என எண்ணிப் பார்த்த ஒரு சமூகம் அதில் தெரிகிறது.

இவ்வறங்களின் மேற்பார்வையை 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தால் கும்பினி அரசு தன் வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. கோயிலும் பாலமும் சத்திரமும் அச்சட்டத்தில் ஒரே வரிசையில் நின்றன. பின்னர் 1871, 1884ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ்ச் சத்திரப் பொறுப்பு உள்ளூர் நிதிக் குழுக்களுக்கும் உள்ளாட்சிக் கழகங்களுக்கும் சென்றது. அறம் கணக்குப் புத்தகத்துக்குள் புகுந்தது.

அதற்குள் சாலையே இரண்டாமிடம் பெற்றுவிட்டது. 1856 ஜூலை முதல் நாள் தென்னாட்டின் முதற் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது. பின்னர் அரக்கோணத்திலிருந்து வடமேற்கே திருத்தணி, ரேணிகுண்டா வழியாகப் பாதை நீண்டு 1871இல் பம்பாயோடு இணைந்தது. திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி என்னும் மூன்றையும் ஒரு முக்கோணமாகக் கொண்டால் நிலைமை விளங்கும். பழைய சாலை திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்கு நேர்க்கோட்டில் செல்கிறது. கனகம்மாசத்திரம் அக்கோட்டின்மேல் உள்ளது. இருப்புப்பாதையோ மற்ற இரு பக்கங்களைப் பற்றிக்கொண்டு, திருவாலங்காட்டின் அருகாகச் சுற்றிச் செல்கிறது. சுற்றுவழிதான்; ஆயினும் மூன்று இரவுகள் சில மணி நேரமாயின. திருத்தணி நிலையத்தில் இறங்கி ஜட்கா பிடித்து மலையடிவாரம் சேர்பவனுக்கு இடைவழிச் சத்திரம் எதற்கு?

இருப்புப்பாதை எல்லாச் சத்திரங்களையும் அழித்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மதுரையில் மங்கம்மாள் சத்திரத்தின் எதிரிலேயே நிலையம் வந்தது, அது பிழைத்தது. சென்னை சென்ட்ரல் எதிரில் இராமசாமி முதலியார் சத்திரம் புதிதாகவே எழுந்தது. நிலையம் வாய்த்த சத்திரம் கட்டடமாக நின்றது. வாய்க்காதது ஊர்ப்பெயராக நின்றது.

பழமையை எண்ணி ஏங்குவோர் மறக்கலாகாத ஒன்று உண்டு. சத்திரத்துச் சோறு பலருக்கும் கிடைத்ததெனினும், ஒரே பந்தியில் கிடைத்ததில்லை. சாதிக்கேற்ப இடமும், அடுக்களையும், கிணறும் பிரிந்திருந்தன. மூன்றாம் வகுப்புப் பெட்டி, நோக்கம் எதுவாயினும், சீட்டு வாங்கியவர் அனைவரையும் ஒரே பலகையில் அமர்த்தியது. மக்கள் அப்பெட்டிகளில் திரண்டு ஏறியதே இருப்புப்பாதைக் கும்பினிகளின் வருவாயாயிற்று. ஆயினும் பெட்டியைவிட்டு இறங்கியவுடன் பழைய உலகம் நிலைய உணவுச்சாலையில் காத்திருந்தது. பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் அங்கே இருந்த தனித்தனி இடங்கள் பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் நீங்கின. புகைவண்டி வந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு!

சாலைக்கு மறுவாழ்வு தந்தது மோட்டார் பேருந்து. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாட்டினால் மாகாணப் பேருந்துகள் பின்புறம் கரியடுப்பைச் சுமந்து, கரிவாயுவினால் ஓடின. 1944இல் திருமலைக்கு முதல் மலைச்சாலை திறக்கப்பட்டதும், மலைமேல்வரை ஊர்தியில் செல்லுதல் இயல்பாயிற்று; சென்னை–திருப்பதிச் சாலையின் மதிப்பும் உயர்ந்தது. கனகம்மாசத்திரம் மீண்டும் வழியில் வந்தது. ஆனால் தங்குமிடமாக அன்று, நிறுத்தமாக.

அச்சாலை இடையில் எல்லைத் தகராறுக்கும் உட்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சென்றது. ம.பொ.சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்த்தன. இருமொழியும் வழங்கும் இப்பகுதியில் ஊர்ப்பெயர்களின் வடிவே வழக்குக்குரியதாயிருந்தது. கனகம்மாவுக்கு அச்சிக்கல் இல்லை. தமிழரும் தெலுங்கரும் தம்முடையதெனக் கொள்ளத்தக்க பெயர் அது.

இன்று தொலைநாட்டிலிருந்து வருபவர் மீனம்பாக்கத்திலோ ரேணிகுண்டாவிலோ விமானத்தில் இறங்கலாம். சென்ட்ரலிலிருந்து மின்தொடர் வண்டியில் திருத்தணி சேரலாம். இரு மாநிலப் பேருந்துகளும், வாடகைக் கார்களும் உள்ளன. முன்னர் 205 என்றிருந்த நெடுஞ்சாலை இப்போது 716 என்னும் எண்ணைத் தாங்குகிறது. தணிகையின் 365 படிகளை ஏறாமலே மலைமேல் இறங்க ஊர்திச்சாலையும் உண்டு. வள்ளலார் சென்னையில் தம் அறையின் கண்ணாடியிலேயே தணிகை முருகனைக் கண்டார் என்பர். அவ்விரைவை எவ்வூர்தியும் இன்னும் எட்டவில்லை.

ஆடிக் கிருத்திகையின்போது மட்டும் சாலை தன் பழைய உருவைக் காட்டும். மஞ்சளாடை உடுத்துப் பூக்காவடி தாங்கி நடந்து வருவோர்க்காகச் சாலையோரம் கீற்றுப்பந்தல்கள் எழுகின்றன. மோரும், பானகமும், சோறும் வழங்கப்படுகின்றன. எவ்வூர் என்று யாரும் கேட்பதில்லை. கிருத்திகை கழிந்த மறுநாள் பந்தற்கால்களைப் பிடுங்கி வண்டியில் ஏற்றுகின்றனர். திருவாலங்காட்டுக்குச் செல்வோர் பேருந்திலிருந்து இறங்கி, அடுத்த வண்டிக்காகச் சத்திரத்தில் காத்து நிற்கின்றனர்.