பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துத் தரேன்

போன மாசம் ரிச்சி ஸ்ட்ரீட் போயிருந்தேன். பழைய ஹெட்போனுக்கு ஒரு கனெக்டர் வேணும். முதல் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்மகிட்ட இல்ல, பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துத் தரேன், நில்லுங்க"ன்னு சொல்லி ஒரு பையனை அனுப்பினார். ரெண்டு நிமிஷத்துல பொருள் வந்துடுச்சு. பணத்தை நான் இவர்கிட்டதான் கொடுத்தேன். பொருள் கொடுத்த கடைக்குக் காசு போகல. ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கல்லாவுக்குப் பக்கத்துல இருந்த கம்பியில ஏறுச்சு. சாயந்திரம் கணக்கு பார்த்துக்குவாங்களாம்.

இன்னைக்குப் பேசப்போறது அந்தச் சீட்டைப் பத்திதான்.

ஒரே பொருளை விக்கிறவங்க ஏன் ஒரே தெருவுல உட்கார்றாங்க? ஹெரால்ட் ஹோட்டலிங்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1929-ல எழுதின கட்டுரை ஒண்ணு இருக்கு. ஒரு நீளமான தெருவுல ரெண்டே வியாபாரிங்க. அடுத்தவனோட வாடிக்கையாளரைப் பிடிக்க ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, கடைசியில ரெண்டு பேரும் நடுவுல ஒட்டி நிப்பாங்க. அழகான கணக்குதான். ஆனா அந்தக் கணக்குல எங்கே கடை போடுறதுன்னு முடிவு பண்றது வியாபாரி. நம்ம சென்னையில பெரும்பாலும் அதை வேற யாரோதான் முடிவு பண்ணியிருக்காங்க.

கடைகள் கூடி இருக்கிறது நமக்குப் புதுசு இல்லை. சிலப்பதிகாரத்துல கோவலன் மதுரையைச் சுத்திப் பார்க்கும்போது மணி விக்கிற வீதி, பொன் விக்கிற வீதி, துணிக்கு அறுவை வீதி, தானியத்துக்குக் கூல வீதின்னு தனித்தனியா வருது. ஆனா அந்த வீதிகளை யார் பிரிச்சு வச்சாங்கன்னு அந்தக் காதை நமக்குச் சொல்றதில்லை. சென்னையில அது பதிவாகியிருக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்து போற தூரத்துல இருக்கிற சிந்தாதிரிப்பேட்டையையே எடுத்துக்குங்க. அது சின்னத் தறிப் பேட்டை. 1734-ல கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்துல, சுங்குராமச் செட்டி என்ற பெரிய வணிகரோட தோட்டத்தைக் கம்பெனி எடுத்துக்கிட்டு, கூவம் வளைஞ்சு ஓடுற அந்த நிலத்துல நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் கொண்டுவந்து குடியேத்துச்சு. கம்பெனிக்கு ஏற்றுமதித் துணி வேணும், அதுவும் கண்ணுக்கு எதிர்லயே நெய்யப்படணும். வாடிக்கையாளரோட வசதியை அங்கே யாரும் யோசிக்கல.

அதே மாதிரி, ஆனா இன்னும் வலியோட உருவானது பர்மா பஜார். 1962-ல நெ வின் ராணுவ ஆட்சி பர்மாவைப் பிடிச்சது. அடுத்த ரெண்டு வருஷத்துல வங்கிகள், கடைகள் எல்லாம் அரசுடைமை. 1964-ல 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. தலைமுறை தலைமுறையா ரங்கூன்ல வியாபாரம் பண்ணின குடும்பங்கள் ஏறக்குறைய வெறுங்கையோட கப்பல் ஏறினாங்க. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவங்க இந்தியா திரும்பினாங்க. அதுல பெரும்பகுதி தமிழர்கள். 'திரும்பினாங்க'ன்னு சொல்றோம். அவங்கள்ல பல பேர் பிறந்ததே பர்மாவுலதான்.

1969-ல அவங்களுக்காகப் பீச் ஸ்டேஷன் பக்கம், ரயில்வே சுவரை ஒட்டி வரிசையா சின்னச் சின்னக் கடைகள் கொடுத்தாங்க. அலமாரி அகலம்தான். அந்த இடத்தை அவங்க தேர்ந்தெடுக்கல. ஆனா எதிர்ல துறைமுகம். கப்பல்ல வர்றவங்க கொண்டுவந்த சென்ட், கைக்கடிகாரம், டேப் ரெக்கார்டர் எல்லாம் மெதுவா அந்தக் கடைகளுக்கு நகர்ந்தது. வெளிநாட்டுப் பொருள் நம்ம ஊர்ல சட்டப்படி கிடைக்காத காலம் அது. ஒரு முழுத் தலைமுறைக்கு 'ஃபாரின்'னா பர்மா பஜார்தான். கடத்தல் சரக்கும் இருந்தது, போலிச் சரக்கும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1991-க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட்டதும் அந்த மவுசு போச்சு. கடைகள் மூடலை. சி.டி.க்கு மாறினாங்க, அப்புறம் மொபைலுக்கு. ஒரு கடை மாறினா மொத்த வரிசையும் மாறும். எந்தச் சரக்கு ஓடுதுன்னு கத்துக்கப் பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்தாலே போதுமே! அந்தப் பகுதியில தள்ளுவண்டியில அத்தோ சாப்பிட்டிருந்தீங்கன்னா, அதுவும் அதே கப்பல்ல வந்ததுதான்.

சரி, இப்படி உருவான ஒண்ணைத் தூக்கி வேற இடத்துல வச்சா என்ன ஆகும்?

மூர் மார்க்கெட்டைப் பாருங்க. 1898-ல, மாநகராட்சித் தலைவரா இருந்த சர் ஜார்ஜ் மூர் காலத்துல தொடங்கி, 1900-ல திறந்த சிவப்புச் செங்கல் கட்டடம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே. பழைய புத்தகம், கிராமபோன் ரெக்கார்டு, கிளி, முயல், உடைஞ்ச கடிகாரம்னு அங்கே இல்லாதது இல்லை. ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்குன்னு உள்ளே போனவங்க கையில புத்தகத்தோட வெளியே வருவாங்க. அந்த நிலம் புறநகர் ரயில் நிலையத்துக்கு வேணும்னு ஏற்கெனவே பேச்சு இருந்தது. 1985 மே 30-ம் தேதி கட்டடம் எரிஞ்சு போச்சு. வியாபாரிகளுக்குப் பக்கத்துலயே அல்லிக்குளம் வளாகத்துல இடம் கொடுத்தாங்க. தூரம் ரொம்பக் கொஞ்சம்தான். பழைய புத்தகக் கடைகள் இன்னைக்கும் அங்கே இருக்கு, நானும் போயிருக்கேன். ஆனா அது மூர் மார்க்கெட் இல்லை. 'சும்மா பார்ப்போம்'னு யாரும் அந்த மாடிப்படி ஏறுறதில்லை.

இதுக்கு நேர் எதிர் கொத்தவால் சாவடி. ஜார்ஜ் டவுனோட நெரிசல்ல இருந்த மொத்தக் காய்கறி வியாபாரம் 1996-ல கோயம்பேட்டுக்குப் போச்சு. அது பிழைச்சது மட்டும் இல்லை, வளரவும் செஞ்சது. ஏன்னு யோசிச்சா, எனக்குத் தோணுறது இதுதான்: அங்கே வாங்குறவங்களும் வியாபாரிகள். விடியக்காலை மூணு மணிக்குத் தக்காளி எங்கே இறங்குதோ அங்கே வண்டியோட வந்தே ஆகணும். கடனுக்குச் சரக்கு கொடுக்கிற மண்டிக்காரரும் கடன் வாங்குற கடைக்காரரும் சேர்ந்தே இடம் மாறினாங்க. ஜாகை மாறினாலும் கணக்கு நோட்டு மாறலை. 2020-ல கொரோனா சமயத்துல கோயம்பேட்டை மூடி, திருமழிசையில தற்காலிகமா சந்தை போட்டப்பவும் மழைச் சேத்துல நின்னு அதே ஆட்கள் அதே ஆட்கள்கிட்ட வாங்கினாங்க.

மூர் மார்க்கெட்டுக்கு வந்தவங்களுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அவங்க வழிப்போக்கர்கள். வியாபாரிகளுக்கு மாத்து இடம் ஒதுக்கலாம், வழிப்போக்கர்களுக்கு எதை ஒதுக்குவீங்க?

சென்ட்ரல்ல ஆவடி, திருவள்ளூர் வண்டிகள் கிளம்புற அந்தப் புறநகர் முனையம் நிக்கிறது அதே இடத்துலதான். எரிஞ்சுபோன மார்க்கெட்டோட சின்ன மாதிரி ஒண்ணு வெளியே வச்சிருக்காங்க, வண்டி நிறுத்துற இடத்துப் பக்கம். முனையத்துக்கு ரயில்வே வச்ச பேர், மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்.